கணக்கு நிலைக்க வேண்டும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்)

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்றனர் நம் முன்னோர். அந்த உப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதை மரக்காணம் கடற்கரையில் வாழும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கடல்நீர் கால்வாய் வழியே வருகிறது; தேங்கி நிற்கிறது; பாத்தி பாத்தியாக நகர்கிறது. வரும்போது போமே அளவில் ஏறத்தாழ 3 பாகையாக இருக்கும் நீர், வெயிலில் காய்ந்து 25 பாகையை எட்டும்போது உப்பாகப் படியத் தொடங்குகிறது. நீர் போய்விடுகிறது; உப்பு நிற்கிறது. படிந்த உப்பையும் அப்படியே விட்டுவைக்க இயலாது. வாரிக் குவித்து, பனையோலை வேய்ந்து மூடாவிட்டால், ஒரு நாள் மழை ஒரு மாத உழைப்பைக் கரைத்துவிடும்.

கணிப்பொறிக்குள்ளும் நடப்பது இதுவே. நிரல் இயங்கும்போது விவரங்கள் நினைவகத்தில் நீர்போல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் நின்றால் அவ்வளவும் ஆவி. அவற்றுள் நிற்க வேண்டியதை நிற்கச் செய்வதற்கே தரவுத்தளம் இருக்கிறது. ஓடும் விவரத்தைத் தரவுத்தளத்தில் படியவைத்து, வேண்டும்போது எடுத்துத் தரும் இடைநிலைக் கருவிகளுக்குத்தான் நிலைபேற்றுச் சட்டகங்கள் என்று பெயர். ஹைபர்நேட், மைபாட்டிஸ் என்றெல்லாம் நம் ஆய்வுக்கூடத்தில் அடிபடும் பெயர்கள் இவையே.

இறுதியாண்டுச் செயல்திட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இவற்றுள் எது சிறந்தது என்ற பட்டிமன்றம் எழுகிறது. ‘வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் இதைத்தான் கேட்கின்றன’ என்பார் ஒருவர். ‘இதில் எஸ்.கியூ.எல். எழுதவே வேண்டாம்’ என்பார் மற்றொருவர். இந்த இரண்டாவது காரணத்தை நம்பி நானும் ஒரு கருவியைத் தேர்ந்தேன். அதன் விலையைப் பிறர் கொடுக்கக் கண்டேன். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சட்டகத்தைத் தேர்ந்தாலும் பெரிய பிழையில்லை. ஆனால் அட்டவணையையும் எஸ்.கியூ.எல்.லையும் அறியாதிருப்பதற்காக ஒரு சட்டகத்தைத் தேர்வது பெரும் பிழை.

இரு வேறு உலகங்கள்

இப்படி ஓர் இடைநிலைக் கருவி ஏன் தேவைப்பட்டது? அதை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட், விவரங்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கலாம் என்னும் கோட்பாட்டைக் கட்டுரையாக வெளியிட்டார். 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியைத் தந்தனர். அதுவே இன்றைய எஸ்.கியூ.எல். அரை நூற்றாண்டு கடந்தும் அது மூப்படையவில்லை.

மறுபுறம், 1995இல் வெளிவந்த ஜாவா போன்ற மொழிகள் உலகை ஆப்ஜெக்ட்டுகளாகக் காண்கின்றன. ஓர் உப்பளத் தொழிலாளி என்றால், அவருடைய பெயரும், வேலை செய்த நாட்களும், வாங்கிய முன்பணமும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் ஆப்ஜெக்ட். தரவுத்தளமோ அவரை மூன்றாகப் பிரித்து வைக்கும். தொழிலாளர் அட்டவணையில் ஒரு வரிசை. நாள் அட்டவணையில் பல வரிசைகள். முன்பண அட்டவணையில் சில வரிசைகள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலை ஒவ்வொரு நிரலிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

1997இல் ஜாவாவுடன் வந்த ஜே.டி.பி.சி. இந்த வேலையை முழுவதும் நம் கையில் விட்டது. வினவலை எழுதுவது, விடையை வரிசை வரிசையாகப் படிப்பது, ஆப்ஜெக்ட்டில் இட்டு நிரப்புவது அனைத்தும் நம் பொறுப்பு. பின்னர் பெரிய நிறுவனங்களுக்கென வந்த என்டிட்டி பீன்கள் சுமையைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டின. அந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததே 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட். எந்த ஆப்ஜெக்ட் எந்த அட்டவணைக்கு உரியது என்று சொல்லிவிட்டால் போதும், எஸ்.கியூ.எல்.லை அதுவே எழுதிக்கொள்ளும். 2006இல் ஜே.பி.ஏ. என்னும் பொதுத்தரம் வந்தபோது ஹைபர்நேட்டின் வழியே பெரும்பாலும் அரசவழியாயிற்று.

இதற்கு மாறான பாதையில் சென்றது ஐபாட்டிஸ். 2010 முதல் அது மைபாட்டிஸ் என்னும் பெயரில் வளர்ந்து வருகிறது. எஸ்.கியூ.எல்.லை நீங்களே எழுதுங்கள். விடையை ஆப்ஜெக்ட்டாக மாற்றும் சலிப்பூட்டும் பணியை மட்டும் நான் செய்கிறேன் என்பது அதன் கொள்கை.

ஆக, நம் முன் மூன்று வழிகள். எல்லாவற்றையும் நாமே செய்வது. வினவலை நாம் எழுதி மாற்றத்தைக் கருவியிடம் விடுவது. இரண்டையும் கருவியிடம் விடுவது. இந்த மூன்றாம் வழியைப் பற்றி 2006இல் டெட் நெவர்டு என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். தம் நாடு வியட்நாம் போரில் சிக்கியதற்கு அதை ஒப்பிட்டார். நுழைவது எளிது, போகப் போகச் சிக்கல், வெளியேறுவது கடினம் என்பது அவர் கருத்து. ஒப்புமை சற்று மிகையாகத் தோன்றலாம். எனக்கு நேர்ந்ததைச் சொன்ன பிறகு நண்பர்களே முடிவு செய்யட்டும்.

மூன்று வாரக் கணக்கு

எங்கள் பகுதியில் ஓர் உப்பளக் குத்தகைக்காரர் வாரக் கூலிக் கணக்கை நோட்டில் எழுதி வந்தார். 42 பேர் வேலை செய்தனர், பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கணக்கையே என் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டேன். ஹைபர்நேட்டைத் தேர்ந்தேன். தொழிலாளி, வேலைநாள், முன்பணம் என மூன்று வகுப்புகளை எழுதினேன். ஒரு வரி எஸ்.கியூ.எல். எழுதவில்லை, அட்டவணைகள் தாமே உருவாயின. உள்ளபடியே பெருமிதம் கொண்டேன்.

நிரல் தொடங்கும்போது அட்டவணைகளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு ஹைபர்நேட்டில் ஓர் அமைவு உண்டு. ‘வேலிடேட்’ என்றால் சரிபார்ப்பதோடு நின்றுவிடும். ‘அப்டேட்’ என்றால் இல்லாதவற்றைச் சேர்க்கும். ‘கிரியேட்’ என்றால் இருக்கும் அட்டவணைகளை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கும். நான் எங்கிருந்தோ பார்த்து எழுதியது ‘கிரியேட்’. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு முறையும் மாதிரி விவரங்களைப் புதிதாக ஏற்றிக்கொண்டிருந்ததால் பழையவை அழிவது என் கண்ணில் படவே இல்லை.

உப்பளக் கொட்டகையில் ஒரு பழைய மடிக்கணினியில் அதை நிறுவினோம். மூன்று வாரம் நிறுத்தாமல் ஓடியது. முன்பணம் மட்டும் வழக்கம்போல் நோட்டிலும் ஏறியது. வேலைநாள் கணிப்பொறியில் மட்டும். ஒரு நாள் மின்சாரம் நின்று, மின்கலமும் தீர்ந்து, கணிப்பொறி அணைந்தது. மறுநாள் காலை நிரலைத் தொடங்கினேன். திரையில் தொழிலாளர் எண்ணிக்கை சுழியம்.

சனிக்கிழமை கூலிக்கு வந்து நின்ற ஓர் அக்கா கேட்டார்: “ஏம்பா, எம் மூணு வாரக் கணக்கு எங்க?”

“அழிஞ்சு போச்சுக்கா” என்றேன்.

“முன்பணம் வாங்கனது மட்டும் அழியலையே?” என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. முன்பணம் யாருக்கும் மறப்பதில்லை. வேலை செய்த நாள்தான் மறக்கப்படுகிறது. சிலர் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தனர். லாரிச் சீட்டுகளும் சில கிடைத்தன. அவற்றை வைத்துப் பெரும்பாலோரின் கணக்கைத் திரும்ப எழுதினோம். ஒன்பது பேருக்குச் சில நாட்களை நிறுவ முடியவில்லை; அந்த நாட்களுக்கு அவர்கள் பாதிக் கூலியே பெற்றனர். கரிக்கோடு நிலைத்தது, என் தரவுத்தளம் நிலைக்கவில்லை.

குற்றம் கருவியினுடையதன்று. அந்த அமைவு என்ன செய்யும் என்று அதன் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அட்டவணை எவ்வாறு உருவாகிறது என்பதை நான் அறிய வேண்டியதில்லை என்ற எண்ணமே குற்றம். தினந்தோறும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தாலும் கணக்குத் தப்பியிருக்கும். பனையோலை வேயாமல் உப்பைக் குவித்தவன் நான்.

மெதுவான சனிக்கிழமை

அமைவைத் திருத்திய பின்னும் ஒரு குறை இருந்தது. வாரக் கூலிப் பட்டியல் வருவதற்கு நெடுநேரம் பிடித்தது. ஹைபர்நேட் அனுப்பும் எஸ்.கியூ.எல்.லைத் திரையில் காட்டும்படி செய்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. தொழிலாளர் பட்டியலுக்கு ஒரு வினவல். பிறகு ஒவ்வொருவரின் நாட்களைக் கேட்க 42. முன்பணத்தைக் கேட்க மேலும் 42. ஆக 85 வினவல்கள்! ஒரு குடம் நீருக்கு ஒருமுறை என்று குளத்துக்கு 85 தடவை நடப்பது போன்றது இது. தேவைப்படும்போது மட்டும் எடுத்து வருவது என்னும் ஹைபர்நேட்டின் நல்ல குணமே இங்குத் தீமையாயிற்று.

‘அப்படியானால் எஸ்.கியூ.எல்.லை நேராக எழுதிவிட்டால் போயிற்று’ என்று சிலர் கூறக்கூடும். நானும் அவ்வாறே மூன்று அட்டவணைகளையும் ஒரே வினவலில் இணைத்து எழுதினேன். நொடியில் விடை வந்தது, விடை தவறு. 6 நாள் வேலை செய்து 2 முறை முன்பணம் பெற்றவருக்கு, நாளும் முன்பணமும் ஒன்றோடொன்று பெருகி 12 வரிசைகள் வந்தன. கூலி இருமடங்காகவும் முன்பணம் ஆறுமடங்காகவும் ஏறிற்று. நாட்களைத் தனியே கூட்டி, முன்பணத்தைத் தனியே கூட்டி, பிறகு இரண்டையும் இணைத்த பின்னரே கணக்கு நேராயிற்று.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. கருவி எழுதும் வினவலிலும் தவறு வரலாம். கை எழுதும் வினவலிலும் தவறு வரலாம். இரண்டையும் கண்டுபிடிக்கும் கண் ஒன்றே. அட்டவணையை அறிந்த கண் அது.

கருவியின் பக்கத்து நியாயம்

ஒருபக்கமாகவே பேசுவது நேர்மையாகாது. ஹைபர்நேட் போன்றவை செய்யும் நன்மைகள் சில, கையால் எழுதுவோர் எளிதில் மறப்பவை.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரு தொழிலாளியின் முன்பணத்தைத் திருத்தினால், பின்னவர் எழுதியது முன்னவர் எழுதியதை அழித்துவிடும். வரிசைக்கு ஒரு பதிப்பு எண் வைத்து, எண் மாறியிருந்தால் மறுத்துவிடும் காவலை ஹைபர்நேட் ஓர் அறிவிப்பிலேயே தந்துவிடுகிறது. பயனர் தட்டிய எழுத்துகளை வினவலோடு ஒட்டி எழுதும் ஆபத்தான பழக்கத்துக்கும் அதில் இடம் குறைவு. கையால் எழுதுவோர் அந்தப் பள்ளத்தில் விழுவது அடிக்கடி காணும் காட்சி. கூலி கொடுத்ததை எழுதுவதும் முன்பணத்தைக் கழிப்பதும் இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடவாதிருக்க வேண்டும். டிரான்சாக்‌ஷன் என்னும் இந்தக் காப்பு தரவுத்தளத்தின் கொடை. எனினும் அதை ஒழுங்காகப் பயன்படுத்தச் சட்டகம் பழக்குகிறது. ஐம்பது அட்டவணைகள் உள்ள மென்பொருளில், சேர்த்தல் திருத்தல் நீக்கல் என ஒவ்வொன்றுக்கும் கையால் வினவல் எழுதுவது வீண் உழைப்பும் ஆகும்.

நம் நாட்டின் இரு சான்றுகள்

பெரிய பணிகளைச் செய்தோர் என்ன தேர்ந்தனர் என்று பார்ப்போம். இரண்டும் இந்தியச் சான்றுகளே.

முதலாவது பாம்னி என்னும் மருத்துவமனை மென்பொருள். சத்தீஸ்கர் மாநிலம் கனியாரி என்னும் சிற்றூரில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனையை முன்வைத்து, தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் உருவாக்கியது. நோயாளியின் மருத்துவக் குறிப்புகளுக்கு அது ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்னும் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டது. அந்த அடித்தளம் ஹைபர்நேட்டின் மேல் எழுந்தது. ஆயினும், இன்று யார் யார் மருத்துவரைக் காணக் காத்திருக்கின்றனர் என்னும் பட்டியலுக்குப் பாம்னி நேரடி எஸ்.கியூ.எல். வினவல்களையே அமைவில் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தேவைக்கேற்ப அதைத் திருத்திக்கொள்ளலாம். எழுதுவதற்குச் சட்டகம், பட்டியலுக்கு எஸ்.கியூ.எல். என்ன அழகிய உடன்பாடு!

இரண்டாவது, 2003இல் நிறுவப்பட்ட பெங்களூரு ஈகவ் பவுண்டேஷனின் டிஜிட் என்னும் நகராட்சி நிர்வாக மேடை. சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், குறைதீர்ப்பு போன்ற பணிகளுக்கு உரியது. இங்கே ஒவ்வொரு பிரிவும் தான் சேமிக்க வேண்டியதை காஃப்கா என்னும் செய்தி வரிசையில் இடுகிறது. பெர்சிஸ்டர் என்னும் ஒரு தனிப்பிரிவு அதை எடுத்து, ஓர் அமைவுக் கோப்பில் எழுதப்பட்டுள்ள எஸ்.கியூ.எல். வரிகளின்படி தரவுத்தளத்தில் இடுகிறது. அட்டவணைகள் தாமே உருவாவதில்லை. எந்த மாற்றம் எப்போது வந்தது என்று எண்ணிட்ட எஸ்.கியூ.எல். கோப்புகளாக எழுதி, ஃப்ளைவே என்னும் கருவியால் வரிசையாக ஏற்றுகின்றனர்.

இருவரும் வேறு வேறு வழியில் சென்றனர். இருவர் வழியிலும் பணி நடக்கிறது. ஆனால் ஒன்றில் இருவரும் ஒத்திருக்கின்றனர். இருவருமே எஸ்.கியூ.எல்.லை மறைத்து வைக்கவில்லை; கண்ணுக்குத் தெரியும் இடத்தில், திருத்தக்கூடிய வடிவில் வைத்தனர்.

தேர்வதற்கு நான்கு கேள்விகள்

ஆகவே செயல்திட்டம் தொடங்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: இந்த மென்பொருள் மிகுதியாகச் செய்யப்போவது பதிவதா, கூட்டிக் கழித்துப் பட்டியல் தருவதா? பதிவு மிகுந்தால் ஹைபர்நேட் கைகொடுக்கும். பட்டியல் மிகுந்தால் மைபாட்டிஸ் போன்றவை பொருந்தும். இரண்டும் உண்டெனில், பாம்னியைப் போல் இரண்டையும் வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை.

இரண்டு: அட்டவணைகளை ஆள்பவர் யார்? வேறொருவர் முன்பே வடித்த பழைய அட்டவணைகளானால், அவற்றை நம் ஆப்ஜெக்ட்டுகளுக்குள் வலிந்து அடைப்பதைவிட வினவலை நாமே எழுதுவது நலம்.

மூன்று: நாம் பட்டம் பெற்றுச் சென்ற பின் இதைப் பேணுபவர் யார்? அவருக்குத் தெரிந்த கருவியே சிறந்த கருவி.

நான்கு: இக்கருவி நாளை கைவிடப்பட்டால் கணக்கு நம்மிடம் இருக்குமா? அட்டவணைகளின் பெயரும் அமைப்பும், நிரலைப் பாராமலே ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்குமானால், இருக்கும்.

பேராசிரியப் பெருமக்களிடமும் பணிவுடன் ஒரு வேண்டுகோள். செயல்திட்ட வாய்மொழித் தேர்வில் ‘எந்தச் சட்டகம் பயன்படுத்தினாய்?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இந்தப் பொத்தானை அழுத்தினால் தரவுத்தளத்துக்குச் செல்லும் எஸ்.கியூ.எல்.லைக் காட்டு’ என்று கேளுங்கள். ‘இப்போது கணிப்பொறியை அணைத்துவிட்டு மீண்டும் தொடங்கு’ என்று சொல்லுங்கள். என்னை யாரேனும் அன்று அப்படிச் சொல்லியிருந்தால், ஒன்பது பேரின் கூலி தப்பியிருக்கும்.

உளியும் எழுத்தும்

மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைச் செதுக்கிய உளி இன்று இல்லை. செதுக்கிய சிற்பி இல்லை. செதுக்கச் சொன்ன அரசும் இல்லை. எழுத்து நிற்கிறது. அந்த எழுத்தைக் கற்றவர் இன்றும் படிக்கின்றனர்.

ஹைபர்நேட்டும் மைபாட்டிஸும் உளிகள். கூர்மையான நல்ல உளிகள். வேலைக்கேற்ற உளியைத் தேர்வது தொழில் அறிந்தவனின் கடமை. ஆனால் நாளை வேறு உளி வரும். நிற்க வேண்டியது, வெயிலில் நின்று உப்பு வாரியவர்களின் நாட்கணக்கு. அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கும் மொழியை முதலில் கற்போம். கருவியைப் பிறகு தேர்வோம்.

இப்போது அந்தக் கொட்டகையில் வேலைநாள் கணிப்பொறியிலும் ஏறுகிறது, நோட்டிலும் ஏறுகிறது. அந்த அக்கா மட்டும் இன்னமும் சுவரில் கோடு போடுகிறார். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.